கறுப்பு வண்டியின் தண்ணீர் பம்ப்

1995 பிப்ரவரி 6, திங்கள்

காலை ஆறரைக்கு நல்ல பனி. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸின் விளக்கு தெரிகிறது, பஸ் தெரியவில்லை. இரண்டு ஸ்வெட்டர்.

திங்கள்கிழமை வேலை: கறுப்பு வண்டியைப் பதினைந்து நிமிடம் ஷெட்டிலேயே ஓடவிடுவது. ஆயில், சரி. பேட்டரித் தண்ணீர், சரி. இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடுகின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டேன். சரி. எட்டாவது நிமிடம் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் முன்பக்கம் வெள்ளை ஆவி. உடனே நிறுத்தினேன். தரையெல்லாம் தண்ணீர்.

மெக்கானிக் கரீம் பாய் பத்து மணிக்கு வந்தார். நோன்பு மாதம் என்பதை மறந்து காபி வைக்கச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் டம்ளரை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தார். என் தப்பு. கோட்டைமேட்டிலிருந்து முப்பது வருடமாக வரும் மனிதர், எனக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"தண்ணி பம்ப்போட பாடி வெடிச்சுருச்சுங்கம்மா. இங்கிருந்து இது வரைக்கும். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். நகம் உள்ளே போகிறது.

நாற்பத்தொரு வயது இங்கிலாந்து வண்டி. ஆறு சிலிண்டர், கம்பிச் சக்கரம், இரண்டே சீட். அவிநாசி ரோட்டில் ஒரு விடியற்காலை நூறு மைல் வேகம் தொட்ட வண்டி. தொட்டது நான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு ஒரு பம்ப்பினால் இந்த நிலை.

19ஆம் தேதி, ஞாயிறு, ரேஸ் கோர்ஸில் பழைய கார் ஊர்வலம். அண்ணனும் தம்பியும் ஒன்றாக வாங்கிய ஒரே மாதிரி வண்டிகள், அவருடைய கறுப்பும் அவர் தம்பியின் சிவப்பும், எல்லோருக்கும் முன்னால் ஜோடியாகப் போக வேண்டுமாம். அமைப்பாளர்கள் கடிதம் போட்டு இருபது நாளாகிறது. அண்ணன் தம்பி இருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஓட்டப் போவது நாங்கள் இரண்டு ஓரகத்திகள்.

கறுப்பு வராவிட்டால்? சிவப்பு தனியாக முன்னால் போகும். என் ஓரகத்தி சரோஜா கை ஆட்டிக்கொண்டே போவாள். பேப்பரில் படம் வரும்.

பதின்மூன்று நாள்.

பிப். 7, செவ்வாய்

லண்டன் கடைக்கு டிரங்க் கால் மாதிரி கத்திப் பேசினேன். இப்போதெல்லாம் கத்த வேண்டாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்காரர் சொன்னார். பம்ப் ஸ்டாக் இல்லை, வந்தால் எழுதுகிறார்கள், கப்பலில் எட்டு வாரம். அந்தப் பையன் என் இங்கிலீஷைப் பாராட்டினான். நான் அவனுடையதைப் பாராட்டவில்லை.

பிறகு பாயுடன் உக்கடம் பழைய இரும்புக் கடைகள். நாலு கடை. லாரி பம்ப், டிராக்டர் பம்ப், ஒன்று ஏதோ படகினுடையது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு பம்ப் கம்பெனி. கிணற்றுக்கு, ஆற்றுக்கு, போர் குழாய்க்கு, இந்தியா பூராவுக்கும் பம்ப் செய்து அனுப்புகிற ஊர். என் வண்டிக்கு ஒன்று இல்லை.

மூன்றாவது கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் பாயிடம்: "ஏனுங்க பாய், அந்தம்மாவே ஓட்டுவாங்களா?"

பாய்: "ஓட்டறதா? நீ பக்கத்துல உக்காந்து பாரு. கலிமா சொல்லிட்டு உக்காரு."

கேட்காதது போல இருந்தேன். நன்றாக இருந்தது.

செருப்பில் கிரீஸ். பெட்ரோல் போட்டுத் துடைத்தேன், கறை போகவில்லை.

பிப். 8, புதன்

வெல்டிங் வைத்துப் பார்த்தார் பாய். ஆறும்போது டிக் என்று ஒரு சத்தம். வெடிப்பு இரண்டு அங்குலம் கூடிவிட்டது.

"இனி புதுசா வார்க்கறது ஒண்ணுதானுங்கம்மா வழி. கணபதில வேலுச்சாமின்னு ஒரு பேட்டர்ன் ஆசாரி, மரத்துல அச்சுப் பண்ணிக் குடுத்துருவாரு. ஆனா இத வெச்சுப் பண்ண முடியாது, கோணிப்போச்சு. முழுசா ஒரு மாதிரி வேணும்."

"எங்க கிடைக்கும்?"

கையைத் துடைத்தார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஜில்லாவில் இன்னொரு பம்ப் அன்னூரில் சிவப்பு வண்டியில்தான் இருக்கிறது.

"வேண்டாம்" என்றேன்.

"சரிங்கம்மா" என்றார். கிளம்பவில்லை. ஸ்பேனர்களைத் துணியில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

சரோஜாவிடம் போய் நிற்பதா? எழுதிப் பார்க்கிறேன், ஏன் முடியாது என்று.

அவளிடம் வண்டிக்கு லாக் புத்தகம் கிடையாது. நான் முதல் நாளிலிருந்து வைத்திருக்கிறேன், இப்போது ஏழாவது நோட்டு. அவள் ஆயில் மாற்றுவது பாய்க்கு ஞாபகம் வந்தால். ஷெட்டில் வண்டியோடு தவிட்டு மூட்டை. இருந்தும் ஊட்டி மலையில் சிவப்பு ஒரு தடவைகூடச் சூடானதில்லை. என்னுடையது பர்லியாரில் நிற்கும், ஒவ்வொரு தடவையும், ஆறிய பிறகுதான் மேலே. குன்னூர்க் கல்யாணத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, மெதுவா வந்தீங்களாட்ட?" முப்பது வருடமாக என்ன தப்புச் செய்கிறேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். தம்பிக்குப் பொறுமை இல்லை என்று இவர் போனார். மூன்று மாதம், தினமும் காலையில், பக்கத்து சீட்டில். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டத் தெரியும். அதனால் என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

போதும்.

பிப். 9, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சலவைக்காரர் ஒரு தலையணை உறை குறைவு. நாள் முழுக்க மேகம், மழை இல்லை.

சாயங்காலம் போன். சரோஜா.

"ஏனுங்கக்கா, ஊர்வலத்துக்கு என்ன சீலைங்க? நீங்க என்ன கலர் கட்டறீங்கன்னு சொன்னா நான் அதுக்குத் தோதாக் கட்டிக்குவேன்."

"இன்னும் யோசிக்கல."

"அக்கா யோசிக்காம இருப்பீங்களா! சரி, உங்க வண்டி ரெடிங்களா?"

"வண்டிக்கென்ன."

இது பொய்யா? வண்டிக்கு என்ன என்று நான் கேட்டேன், அவ்வளவுதான். கான்வென்ட்டில் இதற்கு மண்டியிட வைப்பார்கள்.

பிப். 10, வெள்ளி

போனேன். பத்து நாள்கூட இல்லை, வேறு வழி இல்லை. அம்பாசடரில், பாய் முன் சீட்டில். கோவில்பாளையம் தாண்டி இரண்டு பக்கமும் சோளத் தட்டு அறுத்துக் கிடந்தது.

சரோஜாவின் ஷெட். சிவப்பு வண்டியின் சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டில். அடைக்கு.

"அவ எந்திரிக்க மாட்டாளுங்கக்கா. இந்தப் பக்கமா வாங்க" என்று சொல்லிக்கொண்டே சரோஜா கோழியை இரண்டு கையாலும் தூக்கி மூட்டை மேல் வைத்தாள். அடங்குகிற வரை அது அவளைத் திட்டியது. அதே கையோடு, சீட்டைக்கூடத் துடைக்காமல், சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. மூன்று மாதம் தொடாத வண்டி. அந்தச் சத்தம், அடித்தொண்டையில், ஒரு இருமல்கூட இல்லாமல்.

பாய் பானட்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "இது ஒரு தனிப் பொறப்புங்கம்மா" என்றார். என் ஷெட்டில் முப்பது வருடமாக வேலை செய்கிறார். ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே:

"பம்ப்புதானுங்களே அக்கா, கழட்டிக்கச் சொல்லுங்க. இதுக்குப் போயி இத்தன தூரம் நேர்ல வரோணுமா? சொல்லி உட்டா நானே கழட்டிக் குடுத்து உட்டிருப்பேன்."

பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார். "நேத்து போன்ல கேட்டாங்கம்மா. நோன்பு வாயால பொய் சொல்லக் கூடாதில்லீங்களா."

ஆக நேற்று என்னிடம் "ரெடிங்களா" என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

பம்ப்பைக் கழற்றுவதற்குள் ராகிக் களி, கீரை, மோர். பாய் வரப்போரம் போய் உட்கார்ந்துகொண்டார், சரோஜா அவருக்கு நோன்பு திறக்க என்று ஒரு தூக்கு நிறையப் பேரீச்சம்பழம் கட்டிக்கொடுத்தாள். எப்போது வாங்கி வைத்தாள்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

ரசீது எழுதிக் கொடுத்தேன்: ஒரு தண்ணீர் பம்ப், நல்ல நிலையில், 18ஆம் தேதிக்குள் திருப்பித் தரப்படும். விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இத எங்க வெக்கறது, அரிசிப் பானைலயா?" கிளம்பும்போது ஆறு முட்டை கொடுத்தாள். எந்த சீட்டில் இட்டவை என்று கேட்கவில்லை.

பிப். 11, சனி

கணபதி. வேலுச்சாமி ஆசாரியின் பட்டறை, தேக்குத் தூள் வாசனை. என்னை "அம்மணி" என்கிறார். என்னைவிட இளையவர்தான். சுத்தமான கைகள், அதனால் மன்னித்தேன்.

இரண்டு பம்ப்பும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில். அவரிடம் ஒரு ஸ்கேல் இருக்கிறது, அதில் ஒரு அடி நம் அடியைவிடக் கொஞ்சம் நீளம். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்குமாம். அதனால் மர அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

உள்ளே தண்ணீரைத் தள்ளும் விசிறியை இரண்டிலும் காலிப்பர் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்றாவது தடவை.

"அம்மணி, இது ரெண்டும் ஒரே சாமான் இல்லீங்களே."

"ஒரே கம்பெனி, ஒரே வருஷம்."

"இது கால் நூல் சின்னதுங்க. எல்லாப் பக்கமும் அதே கணக்குல சின்னது. மர அச்சுப் பண்ணாம, சாமானையே மண்ணுல வெச்சு அமுக்கி வார்த்திருக்காங்க. தெரியாத ஆளுக பண்றது. அப்படிப் பண்ணுனா சுருங்கித்தான் வரும். விசிறி சின்னதானா தண்ணியச் சரியாத் தள்ளாது. மேட்டுல ஏறுனா சூடாகும். ஆகுமுங்களா?"

"ஆகும்" என்றேன்.

"அதாங்க. இது காப்பி. அது அசல்."

என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இது காப்பி என்றார்.

வார்ப்பில் இருக்கும் கம்பெனி எண்ணைக் காட்டினார். சரோஜாவுடையதில் ஒவ்வொரு எழுத்தும் விளிம்போடு நிற்கிறது. என்னுடையதில் கரைந்த சோப்பு மாதிரி. நான் பிராஸோ போட்டுத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பாய் பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வெயிலில்.

பிப். 12, ஞாயிறு

பாயை வரச் சொன்னேன். ஞாயிறு வருவதில்லை, வந்தார். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்கம்மா."

"முப்பது வருஷமா சொல்லல."

"ஐயா சொல்லாதேன்னாரு. கேட்டா சொல்லாதேன்னு சொல்லலீங்க. நீங்க கேக்கலீங்க."

அவர் சொன்னது, அப்படியே:

"அன்னூரம்மா வண்டி பழகி ஒரு வருசம் இருக்குமுங்க. முள்ளு செவப்புல நிக்கறதப் பாக்காமயே மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டிப்போட்டாங்க. பம்ப் வெடிச்சுருச்சு. சின்னய்யாவுக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கிப்போடுவாரு, அழுதுட்டே ஐயாவுக்கு போன் பண்ணுனாங்க. ஐயா உடனே நம்ம வண்டியோட பம்ப்பக் கழட்டிட்டு வரச் சொன்னாரு. நீங்க அப்ப ஊட்டிக்குப் போயிருந்தீங்க, படிச்ச பள்ளிக்கூடத்துல ஏதோ விழான்னு. செவப்புக்கு நம்முதப் போட்டு அன்னிக்கே ஓட்டி உட்டாச்சு. வெடிச்சத ஒட்ட வெச்சு, யாரோ ஒரு வார்ப்படத்துல குடுத்து விசிறியோட காப்பி எடுத்து நம்ம வண்டிக்குப் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு நாந்தான் கேட்டேன், மாத்தி மாட்டிரலாமுங்களா, நம்முது நமக்கு வந்துரட்டுமேன்னு."

"என்ன சொன்னார்?"

"'வேண்டாம் கரீம். அந்தப் புள்ள முள்ளப் பாக்காது. எங்கூட்ல ஓட்டறவ பாத்துக்குவா'ன்னாரு."

"அன்னூரம்மாவுக்கு இது தெரியுமா?"

"ஏதோ ரிப்பேர் பண்ணுனோம்னு தெரியும். எதக் கழட்டி எதுல போட்டோம்னு தெரியாதுங்க."

போகச் சொல்லிவிட்டேன். இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

பிப். 13, திங்கள்

கரண்ட் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இல்லை.

பாராட்டுதான். ஒரு புருஷன் பெண்டாட்டியின் ஓட்டுதலைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. நேற்றிலிருந்து பத்து தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

அவள் அழுதாள், அவளுக்கு அசல். நான் அழமாட்டேன், எனக்குக் காப்பி. கவனமாக இருப்பவளுக்கு இதுதான் கிடைக்குமா?

முப்பது வருடம் மலை ஏறியிருக்கிறேன். பர்லியாரில் மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். யானை நின்றது என்பார்கள், அருவியில் தண்ணீர் விழுந்தது என்பார்கள். நான் பார்த்தது முள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டு வருவார், நான் "உம்" என்பேன், கண் முள்ளில். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் திரும்பிப் பேசியிருப்பாள். சிரித்திருப்பாள். முள்ளைப் பார்த்தால்தானே!

என்னிடம் கேட்டிருக்கலாம். "லீலா, கொடுக்கட்டுமா?" ஒரு வார்த்தை. கொடுத்திருப்பேனா? மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை.

ஆசாரி திருப்பிக் கொடுத்துவிட்ட அசல் இப்போது என் எழுதுமேஜையில், ஹிந்து பேப்பரில் சுற்றி. இது நியாயப்படி கறுப்பு வண்டியினுடையது. அதைக் கறுப்புக்குப் போடுவது திருட்டு ஆகாது. புது வார்ப்பைச் சிவப்புக்குப் போட்டால் அவளுக்கு நஷ்டமும் இல்லை, ஆசாரி அளவு எடுத்துச் செய்வது, குறையே இருக்காது. கோழி உட்காருகிற வண்டிக்கு அது தாராளம்.

ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை. கொட்டினேன்.

பிப். 15, புதன்

மர அச்சு வந்துவிட்டது. சிற்பம் மாதிரி இருக்கிறது. ஆசாரியிடம் கம்பெனி எண்ணையும் செதுக்கச் சொல்லட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். பொய் எண் எதற்கு?

வார்ப்படத்துக்கு நானும் போனேன். சூடு முகத்தில் அறைந்தது, என் வயதைப் பார்த்து ஒருவர் பலகை போட்டு உட்கார வைத்தார். மண்ணில் சிவப்பாக ஊற்றி, மூடிவிட்டு, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். உள்ளே அது சுருங்கிக்கொண்டிருக்கும்.

பிப். 16, வியாழன்

லேத்தில் கடைந்து, துளை போட்டு, புது பேரிங்கும் சீலும் வைத்து பாய் கொண்டுவந்தார். சாக்குத் துணியில் இரண்டு பம்ப். ஒன்று பழசு, எண் உண்டு. ஒன்று புதுசு, எண் இல்லை. பெயிண்ட் அடித்தால் தூரத்திலிருந்து ஒன்றுதான்.

"எதுங்கம்மா எந்த வண்டிக்கு?"

அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் "சில்லறை இருக்குங்களா" என்று கேட்பதைப் போலச் சாதாரணமாக.

"பழசு இங்க. புதுசு அன்னூருக்கு."

புதியதை மறுபடி சாக்கில் சுற்றினார்.

"அவுங்க கேக்கலைன்னா நான் சொல்ல மாட்டேனுங்கம்மா. கேட்டாங்கன்னா..."

"நோன்பு. தெரியும்."

"ஒண்ணு மட்டும் சொல்லித்தான் ஆகோணும். புது இரும்புங்க. மொத ஐந்நூறு மைல் முள்ளு மேலயே கண்ணு இருக்கோணும். எந்த வண்டில போட்டாலும் அதச் சொல்லாம மாட்ட மாட்டேன்."

"சொல்லுங்க. அவ பாக்கப் போறதில்ல."

சிரித்தார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பிப். 17, வெள்ளி

அசல் கறுப்பில். மேட்டுப்பாளையம் வரை போய் வந்தேன். முள் எழுபதில் ஏறி நின்றது, நின்றதுதான். காரமடை கேட்டில் ரயிலுக்காக இருபது நிமிடம், எஞ்சின் ஓடிக்கொண்டே. அசையவில்லை. தோலம்பாளையம் பிரிவில் மிதித்தேன், எண்பது மைல் வேகம் தொட்டது. அந்தச் சத்தம்! ஒரு லாரிக்காரர் ஓரம் கட்டிக் கும்பிடு போட்டார்.

இப்படித்தான் அவள் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறாள்.

சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம். உறுத்துகிறதா என்று கேட்டாலும் ஆமாம்.

பிப். 18, சனி

பாய் அன்னூர் போய்ப் புதியதை மாட்டிவிட்டு வந்தார். நான் போகவில்லை. முந்திரிக் கேக்கும் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன். "உன் பம்ப்பை" என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் "பம்ப்பை அனுப்பியிருக்கிறேன், நன்றி" என்று எழுதினேன்.

"கேட்டாளா?"

"இல்லீங்கம்மா. கேக் நல்லா இருக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க."

நாளைக்கு: சாம்பல் நிறப் பட்டு, முத்துக் கம்மல், கருப்புக் கண்ணாடி. கையுறை வேண்டுமா? வேண்டாம், ஜம்பம்.

பிப். 19, ஞாயிறு. மாலை 4

ஊர்வலம் நடந்தது. எழுதிவிட வேண்டும்.

காலை எட்டுக்கு ரேஸ் கோர்ஸ். வெயில் இப்போதே மார்ச் மாதிரி. முப்பத்திரண்டு வண்டி. கறுப்பும் சிவப்பும் முன்னால். சரோஜாவும் சாம்பல் நிறப் புடவை. எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியவில்லை, பாயிடம் கேட்டிருப்பாள், நோன்பு வாய். நடைபாதையில் ஒரு பெரியவர் இன்னொருவரிடம்: "கறுப்பு செவப்பு ஜோடியாப் போகுது, எந்தக் கட்சி ஊர்வலமுங்க?" "கட்சியெல்லாம் இல்லீங்க, மில்லுக்கார அம்மாக்க ரெண்டு பேரு காத்து வாங்கறாங்க."

நடக்கிற வேகம்தான். முன்னால் போலீஸ் ஜீப். இந்த வேகத்தில் கறுப்பு எப்போதும் கொதிக்கும். இன்று முள் எழுபது. முதல் முறையாக எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் ஜனங்களைப் பார்த்தேன். பால்கனிகள், ஐஸ் வண்டி, தோளில் குழந்தைகள். கை ஆட்டினேன். நான்! பிறகு பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அவள் எப்படிக் கை ஆட்டுகிறாள் என்று.

சரோஜா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முதுகு நேராக, உதட்டைக் கடித்துக்கொண்டு. கண் ரோட்டுக்குப் போகும், முள்ளுக்கு வரும். ரோடு, முள். ரோடு, முள். ஒரு பெண் "பாட்டி, டாட்டா!" என்று கத்தினாள். காதில் விழவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். அது என் முகம்.

பாதியில் ஜீப் நின்றபோது எட்டிக் கேட்டேன்: "என்ன சரோஜா, பேச்சையே காணோம்?"

திரும்பவில்லை. "சும்மா இருங்கக்கா. பாய் ஐந்நூறு மைலுக்கு முள்ளயே பாருங்கன்னு சொல்லீருக்காரு. அன்னூர்ல இருந்து பாத்துட்டே வாரேன். வழில தும்மக்கூட இல்ல." பிறகு, மெதுவாக: "மாமா சொல்லிக் குடுத்தப்ப தெனமும் சொல்லுவாரு, முள்ளப் பாரு, அக்கா எப்படிப் பாக்கறா பாருன்னு. நான் ஒருநாளும் பாக்கல. இன்னிக்காவது உங்களாட்டப் பாத்துப்போடலாம்னு."

ஜீப் நகர்ந்தது. நான் கியர் போட மறந்து பின்னாலிருந்து ஹாரன்.

தினமும் சொன்னாராம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பேப்பர்காரர் படம் எடுத்தார். நான் சிரித்துக்கொண்டிருப்பேன் படத்தில். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் எவளைக் கவனமானவள் என்று சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றவில்லை. நோன்பு திறக்கப் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்று பாய் தெருவில் இருக்கும் கடைக்கு போன் செய்து கூப்பிட்டேன்.

"பாய், நாளைக்குக் காலையில ரெண்டு வண்டி பம்ப்பையும் கழட்டி மாத்தணும். பழசு அன்னூருக்கு, புதுசு இங்க."

"ஏனுங்கம்மா, ஒழுகுதுங்களா?"

"ஒழுகல. முள் அசையவே இல்ல."

"பின்ன என்னங்கம்மா?"

"பழச அவளே வெச்சுக்கட்டும். ஐயா கொடுத்தது கொடுத்ததுதான். ஏன்னு கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுங்க, நோன்பு முடிஞ்ச பின்னாடி கேட்டாலும் சொல்லுங்க. ஆனா மாத்தறது நாளைக்கே மாத்தணும். செவ்வாய்க்கிழமைன்னு சொல்லாதீங்க."

"அப்படி என்னங்கம்மா அவசரம்?"

சொல்லவில்லை. அன்னூரிலிருந்து வந்தது, ஊர்வலம், திரும்பிப் போனது, எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து மைல் அவள் முள்ளைப் பார்த்துவிட்டாள். மீதி நானூற்று ஐம்பத்தைந்து மைல் என்னுடையது.